ஆன்லைன் தளத்தில் மெம்பர் ஆனேன், இனிஷியலோடு மல்லுக்கட்டினேன்

மதியம் இரண்டரை மணி ஆனால் இன்றைக்கும் எனக்குக் கால் பரபரக்கும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக நான் கொண்டுபோகிற விண்ணப்பத்தில் அப்போதெல்லாம் மூன்று மணிக்குள் நேர முத்திரை விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைய என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் அன்றைய விலை) கிடையாது, மறுநாள் விலைதான். கும்பகோணத்து வெயிலில் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு சேவை மையத்துக்குப் போவேன். கவுண்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் ஃபாரத்தை நீட்டிவிட்டு, அந்தச் சின்ன இயந்திரம் டக்கென்று 14:57 என அச்சடிக்கும் வரை மூச்சு விட மாட்டேன். காசோலை எப்போது பாஸ் ஆனாலும் சரி, 2 லட்சத்துக்குக் குறைவான தொகைக்கு அந்தக் காலத்தில் முத்திரைதான் கணக்கு.

அதற்கும் முன்னால் நான் தபால் அலுவலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) ஏஜென்ட். மகிளா பிரதான் திட்டத்தில் பெண்களுக்கு மட்டும் தருகிற ஏஜென்சி, 4 சதவீதம் கமிஷன். மாதப் பிறப்பில் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கி, பட்டியல் போட்டு, தபால் அலுவலகத்தில் கட்டுவது வேலை. கடுகு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த நோட்டுகளைக்கூட எண்ணியிருக்கிறேன். அந்த வீடுகளில் எல்லோருக்கும் நான் "ஆர்.டி. அக்கா". பிள்ளைகள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவர்கள்தான் மியூச்சுவல் ஃபண்ட் பற்றிக் கேட்டார்கள். பதில் தெரியாமல் விழித்தது எனக்கே பிடிக்கவில்லை. 2016-இல் தேர்வு எழுதினேன்.

மியூச்சுவல் ஃபண்ட் விற்பதற்காக என்.ஐ.எஸ்.எம். என்ற நிறுவனம் நடத்தும் ஐந்து-ஏ தேர்வு அது. நூறு கேள்விகள், இரண்டு மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் பாஸ், தப்பான பதிலுக்கு மைனஸ் கிடையாது. பாடப் புத்தகத்தை முழுதாக இரண்டு முறை படித்தால் போதும், கோச்சிங் வகுப்புக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதன் பிறகு ஆம்ஃபியில் பதிந்து ஏ.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்க வேண்டும். இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு, எனக்கும் இருந்தது. ஆம்ஃபி 1995-இல் தொடங்கிய சங்கம், அதில் உறுப்பினர்கள் ஃபண்ட் நிறுவனங்கள். நம்மைப் போன்ற விநியோகஸ்தர்கள் அங்கே உறுப்பினர்கள் இல்லை, பதிவு எண் பெற்றவர்கள். கூடவே ஈ என்று தொடங்கி ஆறு இலக்கம் வரும் ஈ.யு.ஐ.என். என்ற இன்னொரு எண்ணும் தருவார்கள். எந்த நிறுவனத்தின் பெயரில் வியாபாரம் நடந்தாலும், வாடிக்கையாளரிடம் பேசி விற்ற ஆள் யார் என்று அது காட்டிக்கொடுக்கும்.

ஏ.ஆர்.என். வந்ததும் கடை திறந்துவிட்டதாக நினைத்தேன். முதல் மூன்று விண்ணப்பங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், யூனிட்டும் ஏறிவிட்டது. கமிஷன் மட்டும் வரவில்லை. விசாரித்த பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனத்துடனும் தனித்தனியாக எம்பேனல்மென்ட் (அவர்களுடைய விநியோகஸ்தர் பட்டியலில் பதிவு) செய்ய வேண்டுமாம். தேர்வுப் பாடத்தில் இதைப் படித்தேனே என்று அப்போதுதான் உறைத்தது. புதிதாக வருபவர்கள் முதல் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள். இப்போது பெரும்பாலும் ஆன்லைனிலேயே ஆகிவிடுகிறது.

மூன்று வருடம் காகிதத்தில் ஓட்டினேன். 2019 கடைசியில், ஆர்டரைக் கணினியிலேயே போடுகிற ஒரு எலெக்ட்ரானிக் தளத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். மனசை மாற்றியது பெரிய யோசனை எதுவும் இல்லை. ஐப்பசி அடைமழையில் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருந்த நான்கு காசோலைகள் நனைந்து, ஒரு ஆசிரியையின் கையெழுத்து நீலக் கறையாகிப் போனது. அந்த ஆசிரியை வீட்டுக்குத் திரும்பப் போய் இன்னொரு காசோலை கேட்டபோது அவர் முகத்தில் வந்த சந்தேகம் இருக்கிறதே, அதுதான்.

எந்த வழியில் சேர்வது? மும்பைப் பங்குச் சந்தையின் ஸ்டார் எம்.எஃப். 2009-லிருந்தே இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தைக்கும் இதே மாதிரி ஒரு தளம் உண்டு. ஆரம்பத்தில் பங்குத் தரகர்கள்தான் அவற்றைப் பயன்படுத்த முடிந்தது. 2013-இல் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி எங்களைப் போன்ற விநியோகஸ்தர்களுக்கும் கதவைத் திறந்தது. ஃபண்ட் நிறுவனங்களே சேர்ந்து நடத்தும் எம்.எஃப். யுட்டிலிட்டி 2015-இல் வந்தது. இவை எதிலும் சேராமல், பெரிய விநியோக நிறுவனம் ஒன்றின் கீழ் சப்-புரோக்கராகப் போய்விடுவது இன்னொரு வழி. மென்பொருள், அலுவலக உதவி எல்லாம் அவர்கள் தருவார்கள், கமிஷனில் பங்கு எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் அந்த அழைப்பு வந்தது, பேச்சும் தேனாக இருந்தது. ஆனால் விண்ணப்பத்தில் பிரதானமாக நிற்பது அவர்களுடைய ஏ.ஆர்.என். நாளைக்கு மனசு ஒத்துப்போகவில்லை என்று விலகினால், பத்து வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த கணக்கெல்லாம் அவர்கள் எண்ணின் கீழேயே நிற்கும். அதை நம் எண்ணுக்கு மாற்ற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். வாடகை வீட்டில் கிணறு வெட்டுகிற வேலை அது. கம்ப்யூட்டரைத் தொடவே பயம் என்கிறவர்களுக்கு அது சரிப்படலாம். தபால் அலுவலக ஏஜென்ட் போர்ட்டலில் ஆர்.டி. பட்டியல் போட்டுப் பழகியவள் நான், அந்தப் பயம் எனக்கு இல்லை.

தளத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், இனி வரும் கஷ்டங்களில் பாதி என்னுடையது. ஏ.ஆர்.என். நகல், பான், ரத்து செய்த காசோலை, முத்திரைத்தாளில் உறுதிமொழி, நோட்டரி கையெழுத்து எல்லாம் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. காரணம்: பெயர் பொருந்தவில்லை.

யார் பெயர்? என் பெயர்தான்.

என் பான் கார்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் முழுசாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. வங்கிக் கணக்கு கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கியது, அதில் கணவர் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. ஆதாரில் இனிஷியல் பின்னால். நம் ஊரில் இது மூன்றும் ஒரே ஆள் என்று பால்காரருக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தப் படிவங்களில் முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்கள். குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிற ஊர்க்காரர்களை மனதில் வைத்து யாரோ போட்ட கட்டம். நமக்கு அப்படி ஒன்று இல்லை, அதனால் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ அதில் இறக்கிவிடுகிறோம். ஒரு அலுவலகத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் ஒற்றை எழுத்தாக. காகிதமாக இருந்தவரை கவுண்ட்டரில் இருந்த மனுஷி பார்த்துச் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வார். கணினிக்குச் சிரிக்கத் தெரியாது.

திருமணப் பதிவுச் சான்று, பான் நகல், ஒரு விண்ணப்பம் என்று எடுத்துக்கொண்டு வங்கிக்கு மூன்று முறை நடந்து, கணக்கில் இருக்கும் பெயரை பானில் உள்ளபடியே மாற்றினேன். பானை மாற்றாமல் வங்கியை ஏன் மாற்றினேன் என்று கேட்கலாம். ஏ.ஆர்.என்., கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு), வருமான வரி எல்லாம் பானைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதை ஆட்டினால் எல்லாம் ஆடும். பானில் எழுத்துப்பிழையே இருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள், மற்றவற்றை அதன் பக்கம் கொண்டுவாருங்கள். கணவருக்கு இதில் லேசான வருத்தம். "என் இனிஷியல எடுத்துட்டியா?" என்றார். கமிஷன் வரட்டும், திருப்பி வைக்கிறேன் என்றேன்.

அடுத்த முறை விண்ணப்பம் பாஸ் ஆகி மெம்பர் ஐடி வந்தது. கூடவே, என் வீட்டிலேயே இப்படி என்றால் வாடிக்கையாளர்கள் கதி என்ன என்ற பயமும் வந்தது. ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். பானில் பெயர், வங்கியில் பெயர், ஆதாரில் பெயர், மொபைல் எண் யாருடையது, ஈமெயில் யாருடையது, நாமினி உண்டா, வங்கியில் இருக்கும் கையெழுத்து இன்றைக்கும் அதே மாதிரி வருகிறதா. இந்தக் கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். ஒரு பாட்டி 1980-களில் கூட்டுறவு வங்கியில் தமிழில் போட்ட கையெழுத்து, வங்கி மாறிய பிறகும் அதேதான். இப்போது கை நடுக்கத்தில் ககரம் சகரமாகிவிடுகிறது. எஸ்.ஐ.பி.க்கு (மாதாமாத முதலீட்டுக்கு) வங்கி மேண்டேட், அதாவது கணக்கிலிருந்து பணம் எடுக்கும் அனுமதி, காகிதத்தில் அனுப்பினால் கையெழுத்து மாறுகிறது என்று திரும்பி வரும். இரண்டு தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் வாரக்கணக்கில் வீண். அப்புறம் பேத்தியை உட்கார வைத்து டெபிட் கார்டு மூலம் ஈ-மேண்டேட் செய்தோம், வேலை முடிந்தது.

நோட்டு நிரம்பியபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் சிவப்பு மை. இதையெல்லாம் சரிசெய்து முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது, அந்த நான்கு மாதமும் புது வியாபாரம் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் தளத்தில் சேர நினைக்கிற யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: மெம்பர் ஐடிக்கு விண்ணப்பிக்கிற அன்றைக்கே இந்த நோட்டையும் போடுங்கள். சேர்ந்த பிறகு போட்டால் ஒவ்வொரு நிராகரிப்பும் வாடிக்கையாளர் கண் முன்னால் நடக்கும்.

மார்ச் 2020 ஊரடங்கு வந்தபோது பெரிய தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஆர்டர் போட்டேன். சந்தை விழுந்துகொண்டிருந்ததால் வாங்குவதற்கு வந்த அழைப்பைவிட "எல்லாத்தையும் எடுத்துடலாமா அக்கா" என்று வந்த அழைப்புதான் அதிகம். அந்தக் கதை வேறு.

ஆர்.டி. காலத்துப் பழக்கம் ஒன்று இங்கே பெரிய முட்டுக்கட்டை. அங்கே பணம் என் கையில் வரும். "உங்க கணக்குக்கே அனுப்பிடறேன், நீங்களே போட்டுடுங்க" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. 2022 ஜூலை 1 முதல் செபி இதை இன்னும் இறுக்கிவிட்டது. தளமோ தரகரோ வாடிக்கையாளர் பணத்தைத் தன் கணக்கில் திரட்டி வைக்கவே முடியாது. முதலீட்டாளர் வங்கியிலிருந்து கிளியரிங் கார்ப்பரேஷனுக்கோ (சந்தையின் பணப் பட்டுவாடா நிறுவனம்) ஃபண்டுக்கோ நேராகப் போக வேண்டும். அதுவும் அவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து. சிங்கப்பூரில் இருக்கும் பையன் அம்மாவின் ஆர்டருக்குத் தன் கணக்கிலிருந்து பணம் கட்டினான், மூன்றாம் நபர் பணம் என்று திரும்பிவிட்டது. அம்மா கணக்குக்கு அனுப்பி, அம்மா அங்கிருந்து கட்டினால் போகும். ஒரு கூடுதல் படி, அவ்வளவுதான். அதைச் சொல்லிப் புரியவைக்கப் பத்து வாட்ஸ்அப் குரல் செய்தி ஆனது. அந்தப் பையனுக்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. வெளிநாடு போய் வருடக்கணக்கான பிறகும் அவன் கே.ஒய்.சி.யில் உள்நாட்டுக்காரனாகவே இருந்தான், பழைய சேமிப்புக் கணக்கிலிருந்தே எஸ்.ஐ.பி. போய்க்கொண்டிருந்தது. கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடு வாழ் இந்தியருக்கான கணக்கு) ஆக மாற்றி, கே.ஒய்.சி.யில் நிலையையும் மாற்ற வைத்தேன். டெல்டா மாவட்டத்தில் தொழில் செய்கிறவர்கள் இதை முதல் கேள்வியாகவே வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கிறார்கள்.

மொபைல் எண், ஈமெயில் விஷயத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் சிலரிடம் ஈமெயில் இல்லை. வேலை ஆகட்டும் என்று இரண்டு பேருக்கு என் ஈமெயிலையே போட்டேன். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அது தப்பு, விதிப்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு. ஓ.டி.பி.யும் கணக்கு அறிக்கையும் விற்கிறவள் கைக்கே போனால் அப்புறம் முதலீட்டாளருக்கு என்ன காவல்? ஒரு வருடம் கழித்து ஒருவருடைய மகள் வந்து, "அப்பாவோட ஸ்டேட்மென்ட் ஏன் உங்க மெயிலுக்கு வருது?" என்று கேட்டாள். கேட்ட தொனியில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது. அன்றைக்கே மாற்றினேன். குடும்பத்தில் ஒருவர் எண்ணையோ ஈமெயிலையோ கொடுப்பதாக இருந்தால், அது கணவருடையதா மகளுடையதா என்று விண்ணப்பத்தில் குறிப்பிட இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு தவறு சிரிப்பு வகை. இணையம் மெதுவாக இருந்த ஒரு நாள் ஆர்டர் பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டேன். இரண்டு ஆர்டர், இரண்டு பேமெண்ட் லிங்க். மளிகைக் கடைக்காரர், கணக்கில் புலி, இரண்டையும் கட்டிவிட்டார். "நீங்க அனுப்பினா சரியாத்தான் இருக்கும்னு கட்டிட்டேன்." 25,000 போட நினைத்தவர் 50,000 போட்டிருந்தார். நல்லவேளை லிக்விட் ஃபண்ட், சுலபமாக எடுத்துவிடலாம். அன்றிலிருந்து திரை சுற்றிக்கொண்டே நின்றால் நான் மறுபடி அழுத்துவதில்லை. வெளியே வந்து ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அந்த மூன்று மணி ஓட்டத்துக்கு வருகிறேன். ஆன்லைன் வந்ததும் 2:55-க்குக்கூட ஆர்டர் போடலாம் என்று சந்தோஷப்பட்டேன். 2021 பிப்ரவரி 1-இல் விதி மாறியது. தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பணம் ஃபண்டின் கைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்துக்குத்தான் என்.ஏ.வி. என் பழைய 14:57 முத்திரைக்கு மரியாதை போய்விட்டது. ஆர்டர் 2:40-க்குப் போட்டு, வாடிக்கையாளர் சாவகாசமாக நெஃப்ட்டில் அனுப்பி, பணம் மூன்றரைக்குச் சேர்ந்தால் மறுநாள் விலை. மறுநாள் சந்தை ஏறியிருந்தால் அன்றைக்கு நம் போன் ஓயாது. இறங்கியிருந்தால் யாரும் நன்றி சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். இப்போது என் கணக்கு எளிது: பன்னிரண்டு மணிக்குள் பணம் கட்டி முடிக்கிறவர்களுக்குத்தான் அன்றைய விலை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

பங்குச் சந்தைத் தளங்களில் யூனிட்டை, பங்குகளை வைக்கிற டீமேட் கணக்கில் வைக்கவா, ஃபண்ட் நிறுவனத்திலேயே இருக்கும் ஃபோலியோ கணக்கில் அறிக்கையாக வைக்கவா என்று ஒரு தேர்வு வரும். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் கேட்டால் ஒழிய நான் ஃபோலியோதான். டீமேட்டுக்கு ஆண்டுக் கட்டணம், தனி நாமினி என்று வேலை கூடும்.

வருடத்துக்கு ஒரு முறை ஆம்ஃபிக்கு சுய உறுதிமொழி கொடுக்க வேண்டும், மறந்தால் கமிஷன் நிற்கும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஏ.ஆர்.என். புதுப்பிப்பு. மறுபடி தேர்வு எழுதலாம், அல்லது ஒரு நாள் சி.பி.இ. (தொடர் கல்வி) வகுப்பில் உட்காரலாம். நான் வகுப்புக்குத்தான் போகிறேன், பாதி அதன் மதியச் சாப்பாட்டுக்காக, மீதி அங்கே வருகிற மற்ற ஊர் ஆட்களின் புலம்பலுக்காக. 2024 ஏப்ரலில் கே.ஒய்.சி. சரிபார்ப்பு விதி இறுகி, பலருடைய நிலை 'ஆன் ஹோல்ட்' ஆனபோது அந்தப் புலம்பல் உச்சத்தில் இருந்தது. என் வாடிக்கையாளர்களில் சிலர்தான் மாட்டினார்கள். நீள நோட்டுக்கு அன்றைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கலாமா என்று தோன்றியது.

போன மாதம், என்னிடம் ஆர்.டி. கட்டி முடித்தவளின் மகன் வீட்டில் தொட்டில் போட்டார்கள். குழந்தை பெயரில் எஸ்.ஐ.பி. தொடங்க வேண்டும், தாத்தா பணம் தருகிறார் என்றான். தாத்தா கணக்கிலிருந்து நேராகப் போகாது, உன் கணக்குக்கு வாங்கி நீ கட்டு என்றேன். பிறகு, பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றிவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். "இனிஷியல் வேண்டாம். உன் பேரை முழுசா விரிச்சு, குழந்தை பேருக்குப் பின்னால போடு. அப்படியே ஆதார், அப்படியே பான், அப்படியே பேங்க்" என்றேன்.

உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வந்தது. "ஜோசியர் ஆறெழுத்துலதான் வரணும்னு சொல்லியிருக்கார், ஆர்.டி. அக்கா. உங்க கம்ப்யூட்டரை அவர்கிட்ட பேசச் சொல்லுங்க."